நகரம், மலை, கோட்டை... எல்லாத்துலயும் ஒரே ஆளு!

டூர் போறதை விட டூருக்குப் பிளான் போடறதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டோடதான் குடித்தனம். தங்கமணிக்குப் பெரிய நகரம் வேணும்: கடைத்தெரு, நல்ல காபி, ராத்திரி நடக்க வெளிச்சமான ரோடு. பொண்ணுக்குக் கோட்டை கொத்தளம், முடிஞ்சா டிராகுலா. எனக்கு மலைப்பாதையில வண்டி ஓட்டணும். கையில இருக்கறது ஒன்பது நாள், அளவான காசு. மியூனிக்ல இருந்து ரெண்டு மணி நேர விமானத்துல இந்த மூணும் ஒரே வட்டத்துக்குள்ள கிடைக்கிற நாடு எதுன்னு தேடினதுல ருமேனியா சிக்குச்சு.

போறவங்களுக்காக வழியைச் சொல்லிடறேன். புக்கரெஸ்ட்ல மூணு ராத்திரி. அங்கிருந்து வாடகைக் கார்ல வடமேற்கே போய் ஃபகராஷ் மலையை ஏறி இறங்கினா சிபியூ. அடுத்து பியர்தான், சிகிஷ்வாரா, பிராஷோவ்னு டிரான்சில்வேனியாவோட பழைய ஊர்கள். சினாயா அரண்மனையைப் பாத்துட்டுத் திரும்ப புக்கரெஸ்ட். 2024 மார்ச் கடைசியில விமான நிலையங்களும் 2025 ஜனவரி 1ல தரைவழியும் ஷெங்கனுக்குள்ள வந்துட்டதால தனி விசா தொல்லையும் இல்லை.

ஷீட்டில் மூணு வரிசை: நகரம், மலை, பழைய ஊர். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல 'யார் கட்டினது, எப்போ'ன்னு ஒரு கட்டம். வரலாற்றுக் கிறுக்கு இருக்கறவன் வீட்ல டூர் பிளான் இப்படித்தான் இருக்கும், கண்டுக்காதீங்க. அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் கவனிச்சேன். மூணு வரிசையிலும் ஒரே பேரை எழுதியிருக்கேன். நிக்கோலாய் சௌஷெஸ்கு.

1965லிருந்து 1989 வரை ருமேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். செருப்புத் தைக்கிற கடையில எடுபிடியா வாழ்க்கையை ஆரம்பிச்சவர். 1989 கிறிஸ்துமஸ் அன்னிக்கு மனைவி எலெனாவோட சேர்த்து ராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டவர். இவ்வளவுதான் எனக்கு முன்னாடி தெரியும்.

முதல்ல நகரம். 1977 மார்ச் 4ல வந்த பூகம்பத்துல ருமேனியாவில 1,500 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலானவங்க புக்கரெஸ்ட்ல. 1971ல பியோங்யாங் போய் அந்த ஊரோட அகலமான சாலைகளைப் பாத்து மயங்கி வந்திருந்த தலைவருக்கு இது நல்ல சாக்காப் போச்சு. இடிஞ்சதைக் கட்டுறதுக்குப் பதிலா இடியாததையும் இடிக்க ஆரம்பிச்சார். பழைய நகரத்தோட ஒரு பெரிய துண்டு, வீடும் தெருவும் மடமும் கோயிலுமா, காணாமப் போச்சு. அந்த இடத்துல 1984ல ஆரம்பிச்சதுதான் இப்போ நாடாளுமன்ற மாளிகைன்னு டிக்கெட் வாங்கிப் பாக்கற கட்டடம். தரைப்பரப்பு 3,65,000 சதுர மீட்டர். உலகத்துலயே எடை அதிகமான கட்டடம்னு கின்னஸ்ல இருக்கு. தலைவர் அதை முழுசாப் பாக்கலை, அதுக்குள்ள ஆயுசு முடிஞ்சுடுச்சு.

எனக்கு அந்த மாளிகையை விடப் பிடிச்சது எவ்ஜெனியு யோர்தாகெஸ்கு கதைதான். மனுஷன் ஒரு சிவில் இஞ்சினியர். இடிக்கிறதுன்னு முடிவான தேவாலயங்களை அடியோட அறுத்து, கீழே கான்கிரீட் தட்டு போட்டு, தண்டவாளத்துல வெச்சு நகர்த்திடலாம்னு சொன்னார். சொன்னதைச் செஞ்சும் காட்டினார். 16ஆம் நூற்றாண்டு மிஹாய் வோடா தேவாலயத்தை 1985ல இப்படி 289 மீட்டர் தள்ளிக்கிட்டுப் போனாங்க. இன்னிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது. மாளிகைக்கு ஒரு மணி நேரம், ஒளிஞ்சு நிக்கிற தேவாலயங்களுக்கு அரை நாள்னு ஷீட்டை மாத்திட்டேன். தங்கமணி முறைச்சதைக் கணக்குல எடுத்துக்கலை.

அடுத்தது மலை. நான் ஓட்டணும்னு துடிக்கிற அந்த ரோட்டுக்குப் பேர் டிரான்ஸ்ஃபகராஷன். கொண்டை ஊசி வளைவுகளா மலையைச் சுத்திச் சுத்தி ஏறி, 2,042 மீட்டர் உயரத்துல பிலியா ஏரிகிட்ட ஒரு சுரங்கப்பாதைக்குள்ள நுழைஞ்சு மறுபக்கம் இறங்குது. வண்டி ஓட்டுறவங்க படத்தைப் பாத்தாலே ஜொள்ளு விடுவாங்க. பனி காரணமா ஏறக்குறைய ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான் மேல்பகுதி திறந்திருக்கும். எங்க டூர் செப்டம்பர்ல விழுந்ததுக்கு இந்த ஒரு ரோடுதான் காரணம். வழியில கரடி நின்னு கை நீட்டும், சோறு போட்டா அபராதம்.

ஆனா இது உல்லாசப் பயணிக்குப் போட்ட ரோடு இல்லை. 1968ல சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ள புகுந்தப்ப சௌஷெஸ்கு அதை வெளிப்படையாவே கண்டிச்சார். மேற்கு நாடுகள்ல அவருக்கு நல்ல பேர் வந்ததே அதனாலதான். அடுத்து நம்மளையும் இப்படிப் பண்ணிட்டாங்கன்னா படையை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக ஒரு வழி வேணுமேன்னு போட்ட ரோடு இது. 1970லிருந்து 1974க்குள்ள பெரும்பாலும் சிப்பாய்களை வெச்சே போட்டு முடிச்சாங்க. செத்தவங்க 40 பேர்னு அரசாங்கக் கணக்கு. அங்க வேலை செஞ்சவங்க சொல்றது அதைவிடப் பல மடங்கு.

சரி, மூணாவது வரிசை. கோட்டை ஊர்களுக்கும் இந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் எழுநூறு எண்ணூறு வருஷம் பழசாச்சே. எனக்கும் புரிஞ்சிருக்காது, எங்க வீட்டுக்கார அம்மா மட்டும் இல்லைன்னா.

நாங்க குடியிருக்கற வீட்டோட கீழ்தளத்துல இருக்காங்க. எழுபதைத் தாண்டினவங்க. தோட்டத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தப்ப, 'செப்டம்பர்ல சிபியூ போறோம்'னு சும்மா சொல்லி வெச்சேன். தண்ணிக்குழாயை மூடிட்டு, 'ஹெர்மன்ஷ்டாட்'னாங்க. நான் முழிச்சேன். 'நீங்க சிபியூங்கறீங்க, நாங்க ஹெர்மன்ஷ்டாட்னு சொல்லுவோம். உங்க சிகிஷ்வாரா எங்களுக்கு ஷேஸ்பூர்க். பிராஷோவ்தான் குரோன்ஷ்டாட். நான் அங்க பொறந்தவ.' அஞ்சு வருஷமா அந்த வீட்ல இருக்கேன். அவங்க பவேரியாக்காரங்கன்னே நினைச்சிட்டிருந்தேன்.

அந்தக் கோட்டை ஊர்களைக் கட்டினது அவங்க ஆளுங்கதான். 12ஆம் நூற்றாண்டுல ஹங்கேரி ராஜா இரண்டாம் கேசா, காலியாக் கிடந்த எல்லையைக் காக்கவும் உழவும் மேற்கேயிருந்து குடியானவங்களைக் கூப்பிட்டார். வந்தவங்களுக்கு சாக்சன்கள்னு பேர் நிலைச்சுது. நிஜத்துல பெரும்பாலானவங்க ரைன், மோசெல் நதிப் பக்கத்துக்காரங்க. அவங்க பேச்சு இன்னிக்கும் லக்ஸம்பர்க் மொழிக்குக் கிட்ட இருக்கு. 2007ல ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமா சிபியூவையும் லக்ஸம்பர்க்கையும் சேர்த்து அறிவிச்சப்ப இந்தச் சொந்தம் தெரிஞ்சவங்க சிரிச்சிருப்பாங்க. 1224ல ராஜா இரண்டாம் ஆந்த்ராஷ் அவங்களுக்குத் தன்னாட்சி உரிமைப் பட்டயம் கொடுத்தார். 1241ல மங்கோலியர் வந்து சூறையாடின பிறகு கல்லால கட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் துருக்கியர் படையெடுப்பு. ஊர்ல ஒவ்வொரு தொழில்காரங்களும் ஒரு கோபுரத்தைக் கட்டிக் காக்கணும். சிகிஷ்வாரால பதினாலு கோபுரத்துல ஒன்பது இன்னும் நிக்குது: தையற்காரர் கோபுரம், தோல் பதனிடுறவர் கோபுரம், தகரவேலைக்காரர் கோபுரம்னு. கோட்டை கட்ட வசதியில்லாத கிராமத்துல தேவாலயத்தையே கோட்டையாக்கிட்டாங்க. நூத்தம்பதுக்கு மேல அப்படி மிச்சம் இருக்கு.

பியர்தான் தேவாலயத்துல ஒரு ரூம் உண்டு. விவாகரத்து கேட்டு வர்ற ஜோடியை அதுல சில வாரம் அடைச்சுடுவாங்களாம். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கரண்டி. 300 வருஷத்துல ஒரே ஒரு ஜோடிதான் பிரிஞ்சதுன்னு ஊர்ல சொல்லிக்கிறாங்க. தங்கமணி இதை மட்டும் ரொம்ப அக்கறையாக் கேட்டுக்கிட்டாங்க :-)

எண்ணூறு வருஷமா யார் வந்தும் அசையாத ஜனம். 1945 ஜனவரியில சோவியத் படை ருமேனியாவிலிருந்த ஜெர்மன்காரங்கள்ல 70,000 பேர் வரைக்கும் நிலக்கரிச் சுரங்க வேலைக்கு ரயிலேத்திச்சு. எங்க வீட்டம்மாவோட அம்மா அதுல ஒருத்தர். அதுக்கு முன்னாடி, போர்ல இவங்க ஆளுங்க பல்லாயிரம் பேர் ஹிட்லரோட எஸ்.எஸ். படையில சேர்ந்திருந்தாங்க. அதையும் அவங்களேதான் சொன்னாங்க, நான் கேட்காமலே. மிஞ்சினவங்க திரும்பி வந்தாங்க, நிலம் போயிருந்தது, ஆனாலும் இருந்தாங்க.

அந்த ஜனத்தை வித்தவர்தான் சௌஷெஸ்கு. நான் அலங்காரமாச் சொல்லலை, காசு வாங்கிட்டு அனுப்பினார். மேற்கு ஜெர்மனி அரசுக்காக வழக்கறிஞர் ஹைன்ஸ் குந்தர் ஹ்யூஷ் 1968லிருந்து 1989 வரை ருமேனிய உளவுத்துறை செக்யூரிடாட்டேவோட ரகசியமாப் பேரம் பேசினார். 1970 வாக்கில இருந்த ரேட் கார்டுல சாதாரண ஆளுக்கு 1,800 மார்க், பட்டப்படிப்பு முடிச்சவங்களுக்கு 11,000 மார்க். படிக்க வெச்ச செலவாம்! 1978ல சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் புக்கரெஸ்ட் போனப்ப, வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் பேர்னு தொகையாவே பேசி முடிச்சாங்க. டிரான்சில்வேனியாக்காரங்க மட்டுமில்லை, பனாட் பகுதி ஜெர்மன்காரங்களையும் சேர்த்து மொத்தம் இரண்டு லட்சத்துக்கு மேல. ஜெர்மனி கொடுத்தது நூறு கோடி மார்க்கைத் தாண்டும். அந்த வருஷங்கள்லதான் வெளிநாட்டுக் கடனை ஒரேயடியா அடைக்கிறேன்னு சொல்லி நாட்டு ஜனத்துக்கு ரேஷன்ல ரொட்டி, குளிர்காலத்துல பாதி வெப்பம். மாளிகை வேலை மட்டும் நிக்கலை.

இதுல ஜெர்மனி செஞ்சது மீட்பா, வியாபாரத்துக்குத் துணைபோனதா? ஹ்யூஷ் பின்னாளில் தான் ஜனங்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்ததாத்தான் பேசினார். போக விரும்பினவங்க க்யூவில நின்னது உண்மை. காசு கொடுக்கலைன்னா கதவு திறந்திருக்காதுங்கறதும் உண்மை. ஆனா வாங்கினவர் மேல எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

வீட்டம்மா 1983ல வந்தவங்க. 'என் விலை எவ்வளவுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ரகசியமாச்சே. வந்து பல வருஷம் கழிச்சுப் பேப்பர்ல பாத்துதான் விலைன்னு ஒண்ணு இருந்ததே தெரிஞ்சுது'ன்னாங்க. குரல்ல கோபம் எதுவும் இல்லை, ரேஷன் கார்டு விஷயம் மாதிரி சொன்னாங்க. 1989ல ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்ததும், காசில்லாமலே போகலாம்னு ஆனதும், மிச்சமிருந்தவங்களும் கிளம்பிட்டாங்க. 1990ல மட்டும் ருமேனியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல. எண்ணூறு வருஷக் குடியிருப்பு ஒரு கோடைக்குள்ள காலியான கிராமங்கள் உண்டு. எல்லாரும் போயிடலை. சிபியூ மேயரா இருந்து 2014லிருந்து 2025 வரை நாட்டுக்கே ஜனாதிபதியா இருந்த கிளாவுஸ் யோஹானிஸ் ஒரு சாக்சன்தான். ஆனா கிராமத்துல, கோட்டைத் தேவாலயத்துக்குள்ள போகணும்னா வாசல்ல எழுதியிருக்கற நம்பருக்குப் போன் போட்டு, சாவி வெச்சிருக்கறவரை வரவழைக்கணும். நாம புதுசு புதுசா வர்ணம் பூசின 'இடைக்கால' வீட்டு வாசல்ல நின்னு செல்ஃபி எடுக்கறோம். அந்த வீட்டுக்காரங்க பவேரியாவில தோட்டத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்காங்க.

பிளான்ல ஒரே ஒரு திருத்தம் பண்ணேன். பிரான் கோட்டையைத் தூக்கிட்டேன். டிராகுலா எழுதின பிராம் ஸ்டோக்கர் ருமேனியாப் பக்கமே வந்ததில்லை, விளாட் ராஜாவுக்கும் அந்தக் கோட்டைக்கும் பெருசா ஒட்டுமில்லை உறவுமில்லை. பொண்ணை சமாதானப்படுத்த சிகிஷ்வாரால விளாட் பொறந்ததா நம்பப்படற வீடு இருக்கு, அது போதும். மிச்சமான அரை நாளை பியர்தானுக்குப் பக்கத்துல வீட்டம்மாவோட கிராமத்துக்குக் கொடுத்தேன். போய்ச் சொன்னதும் ஒரு காகிதத்துல தெருவை வரைஞ்சு, தேவாலயத்துலேர்ந்து இடதுபக்கம் எண்ணி ஏழாவது வீட்டுல ஒரு புள்ளி வெச்சாங்க. போட்டோ எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்டேன்.

'தெருவை எடுங்க. வீட்டுக் கதவைத் தட்டாதீங்க. ஜெர்மனியிலேர்ந்து வந்திருக்கோம்னும் சொல்லிடாதீங்க. இங்கேயிருந்து போய் வீட்டைத் திருப்பிக் கேட்டுக் கேஸ் போட்டவங்க நிறையப் பேர். அங்க குடியிருக்கறவங்களுக்கு எங்களைக் கண்டா பயம்'னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, 'இந்தியாவிலேர்ந்து வந்திருக்கோம்னு சொல்லுங்க. அது பொய்யில்லையே'ன்னு சிரிச்சாங்க.

டிக்கெட் போட்டாச்சு. செப்டம்பர் ரெண்டாவது வாரம். அந்தக் காகிதம் பாஸ்போர்ட்டோட இருக்கு.