பன்னத்தின் தோம்பு

வரலாறு என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடும் நாம், தாளில் ஒட்டிய காய்ந்த இலையை ஆவணமாகக் கொள்வதில்லை. ஆயினும் இந்நாட்டுக் காடுகளின் கதையை அறிய முற்படுவோர்க்குப் பேராதனையிலுள்ள உலர்தாவரத் தாள்கள் ஒல்லாந்தர் காலத் தோம்புகளுக்கு நிகரானவை.

இலங்கைக்கே உரிய மரப்பன்னம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கின் மழைக்காடுகளிலே, சிங்கராஜ வனம் போன்ற இடங்களிலே, பெருமரங்களின் நிழலில் அது வளர்கின்றது. ஏனைய மரப்பன்னங்களின் ஓலைகள் பெரும்பாலும் இறகிறகாகப் பிரிந்து மிகப் பெரிதாய் வளர்வன. சேகரிப்போர் ஒரு துண்டை மட்டுமே தாளில் ஒட்டுவர். மரத்தின் உயரம் அவர்கள் எழுதி வைத்தாலன்றி நமக்குத் தெரியாது. இதன் ஓலையோ பிளவுபடாது, ஓரம் நெளிந்து, நாடா போல நீள்வது. மடித்தாவது முழுமையாக அடங்கிவிடும். அந்நெளிவு கருதியே ஹூக்கரும் கிரெவிலும், 1827 இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்ட பன்ன நூலில், ‘சயதியா சினுவேற்றா’ எனப் பெயரிட்டனர்.

1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ், தீவின் தாவரங்களை உலர்த்தி ஐரோப்பியத் தொகுப்புகளுக்கு அனுப்பினார். 1858 முதல் 1864 வரை வெளிவந்த அவரது தாவர நிரல் பெரும் சாதனை. அதனை மறுப்பது நன்றிகேடு. ஆனால் அவர் தாள்களிலுள்ள ‘சி. பி.’ எண், அதாவது ‘இலங்கைத் தாவரங்கள்’ என்ற வரிசையெண், ஒரு நாளில் ஓரிடத்திற் பறித்த செடியைக் குறிப்பதன்று, இனத்தையே குறிப்பது. வெவ்வேறு காடுகளில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகள் பறித்தவை ஓரெண்ணுக்குள் ஒடுங்கின. அவருக்கு முன்னிருந்த கார்டினர் சேகரித்தவையும் அவற்றுட் கலந்தன. பல தாள்களில் ஊரில்லை, நாளில்லை, பறித்தவர் பெயருமில்லை.

இது எழுத்தரின் கவனக்குறைவு மட்டுமன்று. செடி வேண்டும், அது நின்ற மண்ணும் அதனைச் சுமந்த ஆளும் வேண்டாம் என்பது குடியேற்ற ஆட்சியின் இயல்பு. 1840 ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய காணியாகக் கொண்டது. அக்காணிகள் கோப்பிக்காக விற்கப்பட்டன. காடு வெட்டிய சிங்களக் கிராமத்தவரின் பெயரோ, கன்று நடத் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளரின் பெயரோ துரைமாரின் நினைவுக் குறிப்புகளில் எத்தனை உண்டு?

நம் மலைகளில் வளரும் வேறொரு மரப்பன்னம் திருமதி வாக்கரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வம்மையார் தாமே காடேறிச் சேகரித்தவர்; தகுதியுடையவர்தாம். பூங்காவின் ஓவியர் ஹரமானிஸ் த அல்விஸ் பெயரும் நல்லூழால் எஞ்சியது. வழிகாட்டியோர், மரமேறியோர், மழையில் தாள் நனையாமற் காத்தோர் எவர்?

இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று. தாழ்நாட்டுக் காடுகள் பின்னர் இறப்பருக்கும் தேயிலைக்கும் இரையாயின. இன்று ஓர் இறப்பர்த் தோட்டத்தைக் காட்டி, இங்கே இப்பன்னம் நின்றதா என வினவினால், விடை தரவேண்டிய தாளில் ஓரெண் மட்டுமே இருக்கின்றது. 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜவிலும் மரம் வெட்டினர். மக்கள் எதிர்ப்பு எழுந்து, அத்தசாப்தம் முடியுமுன் அது நின்றது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. அங்கே இப்பன்னம் இன்னும் நிற்கின்றது.