இடைநிலையும் அழுத்தமும்

சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என வீரகேரளம்புதூர் வரை வந்து சேர்ந்த போர்த்துகீசியச் சொற்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே. அம்மொழியின் வினைகளோ நம் செவிக்கு அயலானவை. ‘சல்-வா-ராவ்’ என மூன்று அசைகளாய்ப் பிரியும் சொல்லில் (யாப்பின் நேரசை, நிரையசை அல்ல, ஒலிப்பின் அசை) நடு அசையை அழுத்தினால் ‘இரட்சித்தார்கள்’, ஈற்றசையை அழுத்தினால் ‘இரட்சிப்பார்கள்’. எழுத்தில் சற்றே வேறுபடினும் பேச்சில் பிரித்துக் காட்டுவது அழுத்தம் ஒன்றே.

‘உனக்குத் தருவேன்’ என்பதை அவர்கள் ‘தர்-தெ-எய்’ என்பர். ‘உனக்கு’ எனப் பொருள்படும் ‘தெ’ வினையின் நடுவே அமரும். அழுத்தம் ‘எய்’ மீது விழும். அவ்விகுதி முற்காலத்தில் தனி வினையாய் நின்றதே காரணம். நம் ‘தரு’வோடு அதற்குள்ள ஒலியொற்றுமை தற்செயலானது.

இத்தகைய வினைகளைப் பேசி வளர்ந்தவர் இயேசு சபையின் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் பணியாற்றி, 1549 அளவில் தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். நாம் காலத்தை அழுத்தத்தில் அல்ல, இடைநிலையில் வைக்கிறோம். இரட்சித்தார், இரட்சிப்பார்: தகரமா பகரமா என்பதை அந்தச் செவி புதிதாய்ப் பழக வேண்டியிருந்தது. மறைக்கல்வியில் இவ்விரண்டும் மாறினால் விசுவாசமே தடுமாறாதா? அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சேறியது.