உல்லாச ஓடமும் பிழைப்புத் தோணியும்

பூண்டுலோயாவைச் சூழ்ந்த மலைகளிலே படகு செல்லத்தக்க நீர் இல்லை. அங்குள்ள ஓயா பாறைக்குப் பாறை தாவி இறங்கிக் கொத்மலை ஓயாவை நோக்கி விரைகின்றது. அதிலே தோணி விடுவோம் என்று எவரும் எண்ணமாட்டார். ஆயினும், அந்த மலைச்சாரல்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாறு ஒரு தோணியிலோ கப்பலிலோதான் தொடங்குகின்றது. ஆகவே, படகையும் அதனைப் பற்றி எழுந்த நூல்களையும் குறித்துப் பேசுவது மலைநாட்டாருக்குப் புறம்பான பேச்சு ஆகாது. பொழுதுபோக்காகப் படகு செலுத்தியோர் எழுதிய நூல்கள் எவ்வாறு தோன்றின, அந்நூல்களில் நம்மவர் பெற்ற இடம் யாது, பெறாத இடம் யாது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

கடற் பயணம் பற்றிய நூல்கள் பழமையானவை. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அவற்றை எழுதியோரிற் பெரும்பாலார் ஏதேனும் ஒரு கடமையின்பொருட்டு நீரிற் சென்றவர்கள். மாலுமியும் வணிகரும் போர்வீரரும் மதகுருவும் அவருட் சிலர். நீரின் மேற் செல்வதே இன்பம், வேறு காரியம் எதுவும் வேண்டுவதில்லை என்னும் கருத்தை நூலாக எழுதிப் பரப்பியவர்களுள் முன்னிற்பவர் ஜோன் மக்கிறெகர் என்னும் ஸ்கொத்லாந்துக் குடிவழி வந்த வழக்கறிஞர்.

1865ஆம் ஆண்டிலே அவர் சிறு ஓடம் ஒன்றைச் செய்வித்தார். அதன் நீளம் 15 அடி. அகலம் 28 அங்குலம். நிறை 80 இறாத்தல். வடதுருவத்து எஸ்கிமோ மக்களின் ஓடத்தைப் பார்த்து அமைத்தது அது. இரு முனையிலும் அலகுடைய துடுப்பு ஒன்றினால் ஒருவரே அதனைச் செலுத்தலாம். 'றொப் றோய்' என்று அதற்குப் பெயரிட்டு, ஐரோப்பாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் தனியே சுற்றிவந்தார். ஆறில்லாத இடத்தில் ஓடத்தை வண்டியிலும் புகையிரதத்திலும் ஏற்றிச் சென்றார். மறு ஆண்டு, 1866இல், 'றொப் றோய் ஓடத்தில் ஆயிரம் மைல்' என்னும் நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் ஓடம் செலுத்துவோர் சங்கமும் அமைந்தது. ஒரு நூல் ஒரு விளையாட்டையே வளர்த்துவிட்டது எனலாம்.

அந்த வழியிற் பலர் வந்தனர். பின்னாளிற் புகழ்பெற்ற கதாசிரியரான றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1876இல் நண்பரொருவருடன் பெல்ஜிய, பிரெஞ்சு நாட்டு நீர்வழிகளில் ஓடஞ் செலுத்தி, 1878இல் அதனை நூலாக்கினார். அவர் அச்சேற்றிய முதற் பெருநூல் அதுவே. ஜோசுவா ஸ்லோக்கம் என்னும் கப்பற்றலைவர், பாய்க்கப்பல்களின் காலம் மங்கித் தமக்குத் தொழிலற்றுப்போன நிலையில், பழைய படகொன்றைத் தம் கையாலேயே புதுக்கி, 1895 முதல் 1898 வரை உலகைத் தனியராய்ச் சுற்றிவந்தார். 1900இல் வெளியான அவரது நூலை இன்றும் மக்கள் விரும்பிப் படிக்கின்றனர். இந்நூல்களின் சிறப்பு யாதெனில், அவை வீரக்கதையோடு நின்றுவிடுவதில்லை. எவ்வுணவைக் கொண்டு செல்வது, ஒழுக்கை எவ்வாறு அடைப்பது, காற்று மாறினாற் பாயை எவ்வாறு சுருக்குவது என்பவற்றையெல்லாம் அவை நுணுக்கமாய்ச் சொல்கின்றன. அதனாற் படிப்பவருக்குத் தாமும் புறப்படலாம் என்னும் துணிவு பிறக்கின்றது.

இந்த உல்லாச வேட்கை நம் மலைநாட்டையும் எட்டாமற் போகவில்லை. பூண்டுலோயாவுக்கு மேலே, மலைத்தொடருக்கு அப்பால் உள்ள நுவரெலியாவிலே, 1873ஆம் ஆண்டு, அக்காலத் தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரி ஒரு சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். தலகல ஓயாவை மறித்து நீர் தேக்கப்பட்டது. கிறெகரி வாவி என்று நாம் அழைக்கும் அவ்வேரி உழவுக்கென எழுந்ததன்று. படகு விடுதல், மீன்பிடித்தல், கரையோரம் உலாவுதல் முதலிய உல்லாசங்களுக்கே அது பயன்பட்டது. 1913இல் அந்நீரைச் சுரங்கவழியாய் இறக்கி மின்சாரம் பிறப்பித்ததோடு அதற்கு வேறொரு பயனும் வந்தது. இன்று ஏப்பிரல் வசந்தகாலத்தில் எந்நாட்டவரும் எம்மதத்தவரும் அங்கே படகேறி மகிழ்கின்றனர். ஆனால் 1873இல் அந்தப் படகு துரைமாருடையது. கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழர் அன்று அறிந்திருந்த படகு முற்றிலும் வேறானது.

அந்தப் படகைக் காண நாம் மன்னார்க் கடலுக்குச் செல்லவேண்டும். 1820ஆம் ஆண்டுகள் தொடங்கி, கோப்பித் தோட்டங்களுக்கென ஆட்கள் தமிழகத்தின் தென்கரையிலிருந்து தோணிகளில் ஏறி மன்னார்ப் பக்கத்துக் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. வழிச்செலவு கங்காணியின் கணக்கிலே கடனாய் ஏறியது. 1864ஆம் ஆண்டிலே 'ஆதிலட்சுமி' என்னும் கலம் 120 தொழிலாளருடன் கடலில் மூழ்கியதை மலையக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

நேயர்கள் ஆண்டைக் கவனித்தல் வேண்டும். ஆதிலட்சுமி மூழ்கியது 1864இல். மக்கிறெகர் தம் சிறு ஓடத்தில் இன்பப் பயணம் புறப்பட்டது 1865இல். இரண்டுக்கும் இடையே ஓராண்டுதான்.

மக்கிறெகரின் வாழ்விலேயே இன்னுமொரு செய்தி உண்டு. 1825இல், அவர் சில வாரக் குழந்தையாயிருந்தபோது, பெற்றோருடன் 'கென்ற்' என்னும் கப்பலில் வங்காளத்துக்குப் புறப்பட்டார். பிஸ்கே விரிகுடாவிலே கப்பல் தீப்பற்றியது. அவ்வழி வந்த சிறு கப்பல் ஒன்று ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது; குழந்தையும் பிழைத்தது. இராணுவ அதிகாரியான தந்தையார், இனிப் பிழைப்பில்லை என்று எண்ணிய வேளையிற் சிறு குறிப்பொன்றை எழுதிப் போத்தலில் அடைத்தார். மறு ஆண்டிலே அது மேற்கிந்தியத் தீவாகிய பார்படோசின் கரையிற் கண்டெடுக்கப்பட்டது. பின்னர் அவர் அந்த விபத்தின் வரலாற்றை நூலாகவும் எழுதினார். கென்ற் கப்பலின் கதை இவ்வாறு நிலைத்தது. ஆதிலட்சுமியில் மாண்டோருக்கோ நமக்குக் கிடைப்பது எண்ணிக்கை மட்டுமே. அவர்கள் கையில் தாளும் இல்லை, எழுத்தும் இல்லை. தோட்டத் தொழிலாளரைக் குறித்து எழுதப்பட்ட தாள்களில் அவர்களே நன்கறிந்தது 'துண்டு' என்பது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிய சீட்டு அது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதனைக் கொண்டு, தமிழர் படகுக் கலையிற் பின்தங்கியவர் என்று எவரேனும் கருதினால் அது பெரும் பிழையாகும். மேனாட்டு உல்லாசப் படகு நூல்களில் நாள்தோறும் வழங்கும் சொல்லொன்று நம்முடையது. கட்டுமரம் என்பதே அது. சோழமண்டலக் கரையிற் கண்ட மரக்கலத்தின் பெயரை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்தார். 1876இல் நதானியல் ஹெறெஷோவ் என்னும் அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகொன்றைக் கட்டி நியூயோர்க்கில் நடந்த போட்டியில் ஏனையவற்றை விஞ்சினார். அத்தகைய படகுகளுக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. நம் மீனவரின் கட்டுமரம் மரங்களை வரிசையாகப் பிணைத்தது. அவர்களது படகு இரு உடல்களைச் சட்டத்தால் இணைத்தது. அமைப்பு வேறு, பெயர் மட்டும் கடல் கடந்தது.

பெயர் மட்டுமன்றி, கப்பலும் கடல் கடந்ததுண்டு. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி, 1932இல் அதனை நூலாக வெளியிட்டுப் புகழெய்தியவர். பாய்க்கப்பல்களில் மோகங்கொண்ட அவரது கண், 1930இல் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் கப்பலின் மேற் பட்டது. 89 அடி நீளமும் 19 அடி அகலமும் உடைய அக்கப்பலை அவர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். 1937இல் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்ட அது, செங்கடலையும் சுயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் பெருங்கடலையும் கடந்து, 1938 ஆகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊரைச் சேர்ந்த மாலுமிகளும் அதிற் சென்றனர். உல்லாசப் பயண நூலாசிரியர் விரும்பி வாங்கிய கப்பல் நம்மவர் கைவேலை. அதனை அத்துணைத் தூரம் கொண்டு சென்ற கடலறிவும் நம்மவருடையது.

தமிழிற் கப்பல் பற்றிய நூலே இல்லை என்றும் சொல்லுதற்கில்லை. 'கப்பல் சாத்திரம்' என்னும் பழஞ்சுவடி 1950இற் சென்னையில் அச்சேறியது. கப்பலுக்கேற்ற மரங்கள், அவற்றின் அளவுகள், நன்னிமித்தங்கள் ஆகியன அதிற் கூறப்படுகின்றன. அது தொழிலோருக்கான நூல். இன்பத்துக்காகக் கடலிற் சென்று, கண்டதையும் உணர்ந்ததையும் எழுதும் நூல்மரபு ஒன்றே நம்மிடம் வளரவில்லை. அதற்குக் காரணம் அறிவின் குறையன்று, ஓய்வின் குறை. துடுப்புப் பிடித்த கை கரைசேர்ந்ததும் வலையையோ மூட்டையையோ பற்றவேண்டியிருந்தது. எழுதுகோலைப் பற்ற நேரம் இருந்தவர் உல்லாசமாய்ச் சென்றவரே.

ஆனால் எழுதாதவரின் அனுபவம் அழிந்தே தீரும் என்பதும் இல்லை. பூண்டுலோயாவுக்கு அயலிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அதற்குச் சான்று. அவர் தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடிச் சேர்த்து, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுப்பாக்கினார். ஏடறியாதோர் பாடியவை அவர் முயற்சியால் ஏடேறின. 2023இலே, மலையகத்தார் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் சென்ற வழியே பலர் நடந்தனர். நடந்த வழி நினைவுகூரப்பட்டது நன்று. கடந்த கடலும் அவ்வாறே நினைவுகூரப்படுதல் வேண்டும்.

இதற்கு மேனாட்டு உல்லாச நூல்களே ஒருவகையில் நமக்கு வழிகாட்டி. எந்தத் துறையில் ஏறினர், தோணியில் எத்தனை பேர், என்ன உண்டனர், காற்று எப்படி இருந்தது, இறங்கியதும் முதலிற் கண்டது யாது என்னும் சிறு செய்திகளைப் பேணுவதை அவற்றிடமிருந்து நாம் கற்கலாம். பாட்டனிடம் கேட்டதைத் தந்தை சொல்லியிருப்பார். தந்தை சொன்னது முதியோர் சிலரின் நினைவில் இன்றும் இருக்கும். லயத்தில் வாழும் இளைஞர் ஒருவர் ஒரு கொப்பியை எடுத்து, வீட்டிலுள்ள மூத்தவரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வைப்பாராயின், எந்த வாவியிலும் ஓடம் விடாமலே அவர் சிறந்ததொரு படகு நூலுக்கு முதல் ஏட்டை எழுதியவராவார்.