வில்லும் கித்தாரும்

தாமிரபரணிக் கரையின் நெல்வயற் செழிப்பை ராதாபுரம் வட்டாரம் அறியாது. பனையும் உடைமரமும் ஓயாத காற்றுமே அதன் அடையாளங்கள். வடகிழக்கே இட்டமொழி, சாத்தான்குளம் பக்கங்களில் செம்மணல் தேரிகள் விரிந்து கிடக்கின்றன. பழந்தமிழர் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. ஆயினும் பிரிவை அதன் உரிப்பொருளாக்கினர். வறண்ட நிலத்துக்கும் பிரிவின் பாட்டுக்கும் உள்ள உறவு இங்கு மட்டும் உரியதன்று. சகாரா பாலையில் வாழும் துவாரெக் மக்களின் கித்தார் இசைக்கும் அதுவே அடித்தளம்.

துவாரெக் மக்கள் அவ்விசையை 'அசூஃப்' என்பர். தனிமை, ஏக்கம், பிரிவு ஆகிய மூன்றையும் அச்சொல் குறிக்கும். 1963இல் மாலி நாட்டின் வடபகுதியில் எழுந்த கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. அதில் தந்தையைப் பறிகொடுத்த சிறுவன் இப்ராகிம் அக் அல்ஹபீப் அல்ஜீரியாவில் அகதியாக வளர்ந்தான். தகர டப்பா, ஒரு கோல், மிதிவண்டியின் பிரேக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தன் முதல் கித்தாரைத் தானே செய்துகொண்டான். 1979 அளவில் தமன்ராசெட் நகரில் அவனும் தோழர்களும் உருவாக்கிய குழுவே பின்னாளில் 'தினாரிவென்' எனப் புகழ்பெற்றது. அச்சொல்லுக்குப் 'பாலைகள்' என்பது பொருள். லிபியாவின் படைமுகாம்களில் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற இளைஞர்களே அப்பாடல்களையும் பாடினர். வானொலி ஏற்காத அப்பாடல்களை ஒலிநாடாக்கள் கைக்குக் கை கொண்டுசென்றன. 1990ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு அவை உயிரூட்டின.

நெல்லைச் சீமையின் தென்பகுதியில் இப்பணியைச் செய்தது வில்லுப்பாட்டு. கொல்லும் கருவியான வில் இங்குப் பாடும் கருவியாயிற்று. மணிகள் கட்டிய வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து, வீசுகோலால் நாணை அடித்துப் புலவர் கதை தொடங்குவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியன துணைநிற்கும். நீர் சுமக்கும் குடம் இங்குத் தாளம் தருவதுபோல, துவாரெக் பெண்கள் தானியம் இடிக்கும் உரலின் வாயில் தோல் போர்த்தித் 'திந்தே' என்னும் முழவாக்கினர். அந்தத் திந்தேயின் தாளமே பின்னர்க் கித்தாருக்குள் புகுந்தது. அன்றாட வாழ்வின் பண்டமே இரு நிலத்திலும் இசையாயிற்று.

ஊர்க்கோயில் கொடைகளில் பாடப்பெறும் கதைகளில் பல, அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானோரின் கதைகள். ராதாபுரத்தை அடுத்த வள்ளியூரைக் களமாகக் கொண்டது 'ஐவர் ராசாக்கள் கதை'. கன்னடியப் படையோடு பொருது அழிந்த பாண்டிய மன்னரைப் பற்றிய நினைவை, கல்வெட்டில் அன்றி மக்கள் நாவில் காத்தது அக்கதை. நாங்குநேரியில் 1917இல் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பித்தார்.

அவர் 1971இல் வெளியிட்ட 'முத்துப்பட்டன் கதை' இன்னும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. அந்தணனான முத்துப்பட்டன் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்புகிறான். குடுமியையும் பூணூலையும் துறந்து, செருப்புத் தைக்கும் தொழிலையும் ஏற்று, அவர்களை மணக்கிறான். மாமனாரின் பசுக்களைக் கவர வந்த கள்வரோடு போரிட்டு மடிகிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கின்றனர். பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என வழிபடப்பெறும் அவனுக்குப் பக்தர்கள் இன்றும் செருப்புகளையே காணிக்கையாக்குகின்றனர்.

இக்கதையின் பிற்கால வடிவங்கள் அவ்விரு பெண்களையும் பிறப்பால் அந்தணப் பெண்கள் என்றும், காட்டில் கிடந்த குழந்தைகளைப் பகடை எடுத்து வளர்த்தான் என்றும் கூறுகின்றன. இது பிற்சேர்க்கை என்பதை வானமாமலை எடுத்துக்காட்டினார். பாட்டை எவரும் தடைசெய்யவில்லை; பாடியவர் வாயை அடைக்கவும் இல்லை. பிறப்பைப் பற்றிய ஒரு சிறு செய்தியை நுழைத்தனர், அவ்வளவே. அதனால் பட்டன் எதைத் துறந்தான் என்பதே பொருளற்றுப் போயிற்று.

சகாராவில் நிகழ்ந்தது வேறு. 2012இல் வடமாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையையே தடைசெய்தன. கருவிகள் எரிக்கப்பட்டன, கலைஞர் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். எனினும் வெளிப்படையான அத்தடை பாடலின் பொருளைத் தொடவில்லை. புலம்பெயர்ந்த இடங்களில் அது முன்னினும் உரத்து ஒலித்தது.

வில்லும் கோயில் முற்றத்தைத் தாண்டிச் சென்றதுண்டு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதனைத் திரைக்குக் கொணர்ந்தார். நெல்லை மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் காந்தியடிகளின் கதையை வில்லில் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். மேடையும் வானொலியும் வில்லிசையை ஊரறியச் செய்தன. ஆயினும் கொடை இரவில், கதைநாயகன் வீழும் இடத்தில் உடுக்கை உச்சம் பெறச் சாமியாடி எழுந்து ஆடும் அந்த நொடியை மேடை தர இயலாது. அங்குக் கேட்போர் சுவைஞர் அல்லர்; தம்மவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குச் சாட்சிகள்.

பாட்டைத் தடுப்பவனைக் காலம் அடையாளம் காட்டிவிடும். திருத்துபவனை அடையாளம் காட்டுவதற்கு ஒரு வானமாமலை வரவேண்டியிருந்தது. ஏட்டுப்படிகளையும் பாடுவோர் நாவையும் ஒப்பிட்டு உண்மை வடிவத்தைத் தேடும் அப்பணி இன்னும் முடியவில்லை. தென்பாண்டிச் சீமையில் பாடப்பெறும் கதைகள் பல, அச்சேறியவை சிலவே. எஞ்சியவை இன்றும் முதிய புலவர்களின் நினைவில்தான் வாழ்கின்றன.