அனலைதீவுக்கு எந்தப் பெட்டி சரி? டெக் காலத்திலிருந்து டிஜிட்டல் ரெக்கோடர் வரை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

அனலைதீவைச் சேர்ந்த பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், கனடாவில இருக்கிற மச்சான் ரி.வி. நிகழ்ச்சியளைப் பதியிற டிஜிட்டல் ரெக்கோடர் ஒண்டு அனுப்பப் போறன் எண்டு நிக்கிறார். அனுப்பச் சொல்லட்டோ?"

வேண்டாம், அது இங்கே ஒரு சனலையும் பிடிக்காது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நாற்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது. சரித்திரம் படிப்பிக்கிறவனுக்கு அதைச் சொல்லாமல் விட மனம் வருமா?

இலங்கையில் முதல் தொலைக்காட்சி ஐ.ரி.என். 1979 ஏப்ரலில் கொழும்புப் பகுதிக்கு மட்டும் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. எங்கள் பக்கத்துக்குக் கொக்காவில் கோபுரம் அதை அஞ்சல் செய்தது. ஆனால் தீவகத்தாருக்கும் குடாநாட்டாருக்கும் இன்னொரு வழியும் இருந்தது: கடலுக்கு அப்பால் இந்தியாவின் தூரதர்ஷன். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் அலையைப் பிடிக்க வீட்டுக்கு வீடு உயரமான குழாயில் அன்ரெனா ஏறியது. ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்ப, உள்ளே இருப்பவர் "இன்னும் கொஞ்சம், காணும் காணும்" என்று கத்துவார்.

ஒரு நாள் படம் கண்ணாடி போலத் தெரியும், மறுநாள் முழுக்கப் புள்ளி. காரணம் அன்ரெனா அல்ல. கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது அந்த அடுக்கு ஒரு குழாய்போல அலையை வளைத்துத் தூரத்துக்குக் கொண்டுவரும். காற்றுக் கலைந்தால் படமும் கலைந்துவிடும். பிற்காலத்தில் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் எழும்பிய பிறகுதான் நிலைமை சீரானது.

இந்த நிலையில்தான் டெக் வந்தது. சோனியின் பீற்றாமக்ஸ் 1975 இலும் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976 இலும் விற்பனைக்கு வந்தன. படம் பீற்றாவில்தான் திறம் என்பார்கள். ஆனால் முதலில் வந்த பீற்றாக் கசெற்றில் ஒரு மணி நேரம்தான் பதியலாம், வி.எச்.எஸ். இரண்டு மணி நேரத்தோடு தொடங்கி, பிறகு மூன்று மணி நேரத்துக்கு வந்தது. தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம் ஓடும். ஒரு கசெற், ஒரு படம். சனங்களுக்கு அது போதும், வி.எச்.எஸ். நின்றது.

அமெரிக்காவில் சினிமாக் கம்பனிகள் வீட்டில் பதிவதே திருட்டு என்று வழக்குப் போட்டன. ஒளிபரப்பை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று 1984 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் இன்றைய ரெக்கோடரின் கதை வேறு.

எங்கள் ஊரில் டெக்கில் ரி.வி. பதிந்தவர்கள் குறைவு, படம் போட்டுப் பார்த்தவர்களே கூட. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் கொண்டுவந்த டெக்குகள் வாடகைக்கு ஓடின. ஒரே இரவில் மூன்று படம், முற்றத்தில் பாய்.

1990 யூனில் யுத்தம் திரும்பவும் தொடங்க, குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. கொக்காவிலும் போனது. ஜாம் போத்தல் விளக்கும், றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோவுமாக வருஷங்கள் கழிந்தன. பற்றறியும் பெற்றோலும் தடைப்பட்ட காலத்தில், டெக் நல்லதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெனரேற்றருக்கு எண்ணெய் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

இந்தக் காலத்தில்தான் கசெற்றுக்கு இன்னொரு வேலை வந்தது. தீவகத்திலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தார்கள், பலர் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறினார்கள். கலியாணவீடும் கோவில் திருவிழாவும் செத்தவீடும் கசெற்றில் ஏறிக் கடல் கடந்தன. தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வர முடியாத மகன், மாதக்கணக்கில் கழித்து அந்தக் காட்சியை ரொறன்ரோவில் ஒரு அறையில் இருந்து பார்த்தான்.

அங்கேயும் ஒரு சிக்கல். இலங்கையின் படமுறை பால், 625 கோடுகள். கனடாவின் முறை என்.ரி.எஸ்.சி., 525 கோடுகள். இங்கிருந்து போன கசெற் அங்குள்ள சாதாரண டெக்கில் ஓடாது. காசு கொடுத்து மாற்றிக் கொப்பி எடுக்க வேண்டும், அல்லது பல முறைகளையும் ஏற்கும் டெக் வேண்டும். பிரான்ஸில் செக்காம் முறை. அங்கே பதிந்த கசெற் இங்குள்ள பால் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும்.

இதே இடத்தில் என் சமூகத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். ரி.வி., டெக், நகை எல்லாம் நின்றுபோயின. பொருட்களைப் பிறகு உழைத்து வாங்கினோம். நிக்காஹ் கசெற்றும் மூத்தவர்களின் முகமும் குரலும் வாங்க முடியாதவை. இதை யாரையும் நோகடிக்க எழுதவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து வெறும் சுவரைப் பார்த்த அனலைதீவாருக்கு இந்த வலி விளங்கும். பதிந்த பெட்டி போனாலும் பதிந்தது மிஞ்ச வேண்டும் என்பது நாங்கள் இரு பகுதியினரும் பட்டு அறிந்த பாடம்.

இனி இன்றைய பெட்டிக்கு வருவோம்.

1999 இல் அமெரிக்காவில் ரிவோ, ரீப்ளே ரி.வி. என்ற பெட்டிகள் வந்தன. கசெற்றுக்குப் பதில் ஹார்ட் டிஸ்க். ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்தி வைத்து, தொழுகையோ பூசையோ முடித்து வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். இன்றைய ரெக்கோடர்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, எந்த அலை? பால், என்.ரி.எஸ்.சி. சண்டை டிஜிட்டலிலும் தொடர்கிறது. கனடாவில் அன்ரெனாவுக்கு ஏ.ரி.எஸ்.சி., பிரித்தானியாவில் டி.வி.பி. முறை. இலங்கை 2014 இல் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-ரி முறையைத் தெரிவுசெய்தது, ஆனால் நாடு முழுவதற்குமான மாற்றம் இன்னும் முடியவில்லை. ஆகவே மச்சான் அனுப்பும் பெட்டிக்கு இங்குள்ள அலை விளங்காது. அங்குள்ள கேபிள் கம்பனி கொடுத்த பெட்டி என்றால் இன்னும் மோசம், அது அந்தக் கம்பனியின் இணைப்பில்லாமல் உயிர்க்காது. தீவில் நடைமுறைக்கு ஏற்றது உங்கள் டிஷ் இணைப்பைத் தரும் நிறுவனமே கொடுக்கும் பதிவுப் பெட்டி, அல்லது யு.எஸ்.பி. டிஸ்க்கில் பதியும் வசதியுள்ள பெட்டி. மச்சானிடம் அதற்கான காசை அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்தக் கரண்ட்? அனலைதீவுக்கு மின்சார சபையின் டீசல் இயந்திரங்கள்தான் ஆதாரமாக இருந்து வந்தன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றறி சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. எது வந்தாலும், ஹார்ட் டிஸ்க் சுழன்று எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அன்றைய பதிவு மட்டுமல்ல, டிஸ்க்கே பழுதாகலாம். ஒரு சிறிய யு.பி.எஸ். வையுங்கள். கடற்காற்று படாத இடத்தில் பெட்டியை வையுங்கள்.

மூன்றாவது, பதிந்தது யாருடையது? கடைக்காரர் சொல்லாத விஷயம் இதுதான். கட்டணச் சனல்களின் பதிவுப் பெட்டிகள் பெரும்பாலும் நிகழ்ச்சியைப் பூட்டித்தான் வைக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டால் ஓடாது. இணைப்பு நின்றாலும் ஓடாமல் போகலாம். யு.எஸ்.பி. பதிவிலும் பல பெட்டிகள் இப்படித்தான். கசெற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், இதைக் கொடுக்க முடியாது. வாங்கும்போதே, "பதிந்ததை வேறு பெட்டியில் போட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள்.

கொள்ளளவுக்குப் பெரிய கணக்கில்லை. எச்.டி. நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3.6 ஜிகாபைற் பிடிக்கும் என்று வைத்தால், 500 ஜிகாபைற் டிஸ்க்கில் சுமார் 139 மணி நேரம் பதியலாம். ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

பிள்ளைகளுக்காகவும் யோசியுங்கள். 2020 இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது பாடங்கள் தொலைக்காட்சியில் போயின. ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளில், பாட நேரத்தில் கரண்ட் போனால் அந்தப் பாடம் போனதுதான். நாடகத்துக்கு முன் பாடத்தைப் பதியுங்கள்.

கடைசியாக ஒன்று. புதுப் பெட்டி வாங்க முன் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பழைய கசெற் இருந்தால், புது ரெக்கோடரைவிட அது அவசரம். டெக்கைக் கடைசியாக உற்பத்தி செய்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 இல் நிறுத்திவிட்டது. நல்ல டெக் குறைந்துகொண்டே போகிறது, நாடாவின் காந்தமும் மங்குகிறது. வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த கசெற்றை அப்படியே டெக்கில் போடாதீர்கள், நாடாவும் அறும், டெக்கும் கெடும். யாழ்ப்பாணத்தில் தெரிந்த வீடியோக்காரரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். பிறகு மூன்று கொப்பி: ஒன்று வீட்டில், ஒன்று கடலுக்கு இந்தப் பக்கம் உறவினரிடம், ஒன்று வெளிநாட்டில். மச்சானின் உதவி உண்மையில் தேவைப்படும் இடம் இந்த மூன்றாவது கொப்பிதான்.

உங்கள் வீட்டில் எந்த ஆண்டுக் கசெற் இருக்கிறது, என்ன நிகழ்வு என்று கீழே எழுதுங்கள். ஆண்டு வரிசையில் சேர்த்து வைத்தால், எங்கள் பிள்ளைகளுக்கு அது தீவகத்தின் சரித்திரப் புத்தகமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.