சாகாத தலைவரும் தழும்புள்ள கைகளும்



பாவூர்சத்திரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. குற்றாலச் சாரலைத் தரும் இந்த மலைத்தொடரில் தெற்கே இருப்பதுதான் அகத்தியர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பொதிகை. நரை திரை வராமல் உடலைக் காக்கும் காயகற்பத்தைச் சித்தர்கள் இப்படிப்பட்ட மலைகளில் தேடினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே, சாவை வெல்லும் ஆசை நமக்குப் புதிதல்ல. அன்று மூலிகையில் தேடியதை இன்று இயந்திரத்தில் தேடுகிறோம்.

இந்த மாற்றத்தை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தவற்றுள் தொலைக்காட்சியும் ஒன்று. 1966 அக்டோபரில் இங்கிலாந்தின் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ தொடரில் ‘சைபர்மேன்’ என்போர் தோன்றினார்கள். நோயும் முதுமையும் அண்டாதிருக்கத் தங்கள் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, இயந்திரம் பொருத்திக்கொண்டவர்கள் அவர்கள். உடல் நிலைத்தது, இரக்கமும் துக்கமும் போய்விட்டன. இவர்களைக் கற்பனை செய்த இருவருள் ஒருவரான கிட் பெட்லர் ஒரு மருத்துவ ஆய்வாளர்.

மூன்றே மாதங்களில், 1967 ஜனவரி 12 அன்று, அமெரிக்காவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற பேராசிரியர் புற்றுநோயால் இறந்தார். அறிவியல் ஒருநாள் எழுப்பும் என்ற எதிர்பார்ப்பில் அவர் உடலை உறையவைத்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அது குளிரில்தான் இருக்கிறது.

நம் தமிழிலும் இப்படி ஒரு கதை உண்டு. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதா, 1980-களில் ‘என் இனிய இயந்திரா’ என்ற தொடர்கதையை எழுதினார். பின்னர் அது தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அந்தத் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையே பிற்காலத்தில் நம் மலையின் பெயரால் ‘பொதிகை’ ஆனது. 2024-இல்தான் அந்தப் பெயர் மாறியது.

கதை நடக்கும் காலம் 2020-களின் தொடக்கம். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். ஒருவர் எத்தனை ஆண்டு வாழலாம் என்பதும் அரசின் கணக்கு. எல்லாருக்கும் நாள் குறிக்கும் அந்தத் தலைவர் யார் என்று தேடிப்போனால், அவர் மனிதரே அல்லர்; ஒளியால் காட்டப்படும் முப்பரிமாண உருவம்! அவருக்கு மூப்பு இல்லை, சாவும் இல்லை. ஏனென்றால் அவர் ஒருநாளும் வாழவே இல்லை.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007 நவம்பரில் வெளியிட்ட எதிர்நோக்கு பற்றிய சுற்றுமடலில் இதே கேள்வியைத் தொட்டார். முடிவே இல்லாமல் நாள்கள் நீண்டுகொண்டே போவது வரமல்ல, சுமையாகிவிடும் என்றார். நிலைவாழ்வு என்பது நீட்டிய நாள்காட்டி அன்று என்பது அவர் கருத்து.

மருத்துவத்தை நாம் குறை சொல்லவில்லை. இதயத்துக்குக் கருவி பொருத்தி ஒரு தகப்பனை வீட்டுக்கு அனுப்பிவைப்பது இறைவனுக்கு உகந்த பணியே. இறந்த தாயின் குரலைக் கைப்பேசியிலிருந்து அழிக்க மனமில்லாத பிள்ளைகளையும் நாம் அறிவோம். இன்று கணினி, அந்தக் குரலிலேயே புதிய சொற்களையும் பேசிக்காட்டும். கேட்டால் கண் கலங்கும். ஆனால் நாம் அழுதால் அந்தக் குரல் நமக்காக அழாது. நாம் ஏங்குவது குரலுக்காகவா, அன்பு செய்த ஆளுக்காகவா?

உயிர்த்த ஆண்டவர் சீடர்கள் நடுவே வந்தபோது கைகளையும் விலாவையும் காட்டினார். ஆணித் தழும்புகள் மறையவில்லை. இயந்திரம் தரும் சாகாமை காயத்தைத் துடைத்துவிடப் பார்க்கிறது. உயிர்ப்போ அன்புக்காகப்பட்ட காயத்தையும் சேர்த்தே எழுப்புகிறது. நம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது நாம் அறிக்கையிடுவது இந்த விசுவாசத்தையே.

இன்று இரவு தொலைக்காட்சி ஓடும்போது உள்ளறைக் கட்டிலிலிருந்து ஒரு குரல் நம்மைக் கூப்பிடக்கூடும். அதைப் பதிவுசெய்து வைக்கப் பின்னால் ஆசைப்படுவோம். இப்போது எழுந்து போவோம். ஆமென்.