எஸ்ஸார்ட் சார்லஸ்

எஸ்ஸார்ட் மாக் சார்லஸ் (1921–1975) அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். 1949-ஆம் ஆண்டு முதல் 1951-ஆம் ஆண்டு வரை ஹெவிவெயிட் உலக சாம்பியனாக விளங்கியவர். மின்னல் வேகத்தில் பாய்ந்து குத்திவிட்டு, எதிராளி கை ஓங்குமுன் விலகிவிடும் அவரது லாகவம் 'சின்சினாட்டி நாகம்' என்னும் பட்டப்பெயரை அவருக்குத் தேடித் தந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக் காலம் அசைக்க முடியாத சாம்பியனாக வீற்றிருந்த ஜோ லூயிஸுக்குப் பின்னும், தொழில்முறைக் களத்தில் தோல்வி என்பதையே அறியாத ராக்கி மார்சியானோவுக்கு முன்னும் அவருக்குக் காலம் வாய்த்தமையால், அவ்விருவருடைய கீர்த்தியின் நிழலில் அவருடைய பெயர் மங்கிப்போயிற்று. ஆயினும், எதிர்த்து நின்றவர்களின் தரத்தையும், தம்மினும் கனத்த தேகமுடையோருடன் அவர் பொருத வேண்டியிருந்த நிர்ப்பந்தத்தையும் சீர்தூக்கிப் பார்ப்போர், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர்களுள் ஒருவராக அவரைக் கொள்வதில் தயக்கம் காட்டமாட்டார்கள்.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாகாணத்தில், லாரன்ஸ்வில் என்னும் சிற்றூரில், 1921 ஜூலை 7-ஆம் நாள் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிரசவம் பார்த்த வைத்தியரின் குடும்பப் பெயராகிய எஸ்ஸார்ட் என்பதையே, நன்றியின் அடையாளமாகப் பெற்றோர் குழந்தைக்குச் சூட்டினார்கள். பெற்றோர் பிரிந்துவிடவே, சுமார் ஒன்பது வயதில், ஒஹையோ மாகாணத்துச் சின்சினாட்டி நகருக்குச் சிறுவன் அனுப்பப்பட்டான்; அங்கே அவனை வளர்த்து ஆளாக்கியவர்கள் அவனுடைய பாட்டியும் கொள்ளுப்பாட்டியும் ஆவர். இனி வரும் வாழ்க்கை முழுவதற்கும் அந்நகரமே அவருக்குச் சொந்த ஊராயிற்று. அமெச்சூர் பந்தயங்களில் ஒரு தோல்வியும் காணாமல், 1939-இல் மிடில்வெயிட் பிரிவின் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்ற அவர், மறு ஆண்டே தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். அப்பொழுது அவர் உட்வர்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மாணவர் என்பதும், பகலில் பாடமும் மாலையில் பயிற்சியுமாகக் கழித்த அந்நாட்களிலேயே முன்னாள் உலக சாம்பியன்களோடு அவர் மேடையேறினார் என்பதும் குறிப்பிடத்தக்கன. 1941-இல் கென் ஓவர்லின் அவரைத் தோற்கடித்தார். ஆனால் அதே ஆண்டில் டெடி யாரோஸும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஆன்டன் கிறிஸ்டோபோரிடிஸும் அவரிடம் தோற்றார்கள். இம்மூவரும் ஒரு காலத்தில் உலகப் பட்டம் தாங்கியவர்கள்.

குத்துச்சண்டையில் வீரர்களை உடல் எடையால் வகுப்பது வழக்கம். அக்காலத்தில் 160 ராத்தல் வரை உள்ளவர் மிடில்வெயிட் எனவும், 175 ராத்தல் வரை உள்ளவர் லைட் ஹெவிவெயிட் எனவும், அதற்கு மேற்பட்டோர் அனைவரும் ஹெவிவெயிட் எனவும் கொள்ளப்பட்டனர். சார்லஸின் தேகம் இயல்பாகப் பொருந்தியது நடுவே நின்ற லைட் ஹெவிவெயிட் பிரிவுக்கே. அப்பிரிவில் அவர் செய்த காரியங்களையும், அவற்றுக்குக் கிடைக்காமற்போன கைம்மாறையும் அறியாமல் அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள முடியாது; ஆகையால் அவற்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

1942-ஆம் ஆண்டின் கோடையில், ஒரு மாதத்திற்குச் சற்று அதிகமான கால இடைவெளியில், சார்லி பர்லி என்பவரை அவர் இருமுறை வென்றார். பர்லியின் சாமர்த்தியத்துக்கு அஞ்சியே அவருக்கு எந்தச் சாம்பியனும் பட்டப் போட்டி கொடுக்கவில்லை என்று சொல்லப்படும் அளவுக்கு அவர் வல்லவர். இருபத்தோரு வயது தொடங்கும் பருவத்தில் அத்தகையவரை அடுத்தடுத்து வென்றதைச் சார்லஸின் முதற் பெருஞ்சாதனை எனலாம். 1943-இல் ஜிம்மி பிவின்ஸிடமும் லாய்ட் மார்ஷலிடமும் அவர் அடைந்த தோல்விகள் கடுமையானவை. மார்ஷலின் அடிகளால் அவர் பலமுறை வீழவே, எட்டாம் சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டது. அதன் பின் இராணுவ சேவைக்குச் சென்று, யுத்தம் முடிந்து 1946-இல் மீண்டும் மேடையேறியபோது, முன்னிலும் உறுதி பெற்ற தேகத்தோடும் தெளிந்த யுக்தியோடும் அவர் காணப்பட்டார். பிவின்ஸையும் மார்ஷலையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தோற்கடித்துப் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

அதனினும் பெரிய காரியம், ஆர்ச்சி மூரை அவர் மும்முறை வென்றது. மூர் என்பவர் பிற்காலத்தில், 1952 முதல் சுமார் பத்து ஆண்டுகள், லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைத் தம் வசம் வைத்திருந்த மகா நிபுணர். அத்தகையவரை 1946-இல் பிட்ஸ்பர்கிலும், 1947-இல் சின்சினாட்டியிலும் நடுவர்களின் தீர்ப்பால் வென்ற சார்லஸ், 1948 ஜனவரியில் கிளீவ்லாந்தில் எட்டாம் சுற்றில் நாக் அவுட் செய்தே வீழ்த்தினார். 1950-இல் அதே பட்டத்தை அடைந்த ஜோயி மாக்ஸிமை ஐந்து முறை எதிர்த்து ஐந்து முறையும் வென்றார். இவ்வாறு, பட்டம் பெறப்போகிறவர்களையும் பட்டத்தை இழந்தவர்களையும் வெல்ல முடிந்தவருக்குப் பட்டத்துக்கான போட்டி மட்டும் ஒருநாளும் அளிக்கப்படவில்லை. அன்றைய சாம்பியன் கஸ் லெஸ்னெவிச், சார்லஸோடு மேடையேறியது தமது பட்டத்தைப் பறிகொடுத்த பின்புதான். வரலாற்றாசிரியர்கள் பலரும் லைட் ஹெவிவெயிட் வீரர்களுள் முதலிடம் தருவது இந்தப் பட்டமில்லாத சார்லஸுக்கே என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூரை வீழ்த்திய ஐந்தாறு வாரங்களுக்குள், 1948 பிப்ரவரி 20-ஆம் நாள், சிகாகோ நகரில் சாம் பாரூடி என்னும் இளைஞரோடு அவர் பொருதார். பத்தாம் சுற்றில் விழுந்த பாரூடி நினைவு திரும்பாமலே மரணமடைந்தார். இத்துயரம் சார்லஸின் உள்ளத்தை உலுக்கிவிட்டது. தொழிலையே துறந்துவிடலாமா என்று அவர் எண்ணியதாகக் கூறுவர். அதன் பின் அவருடைய சண்டைமுறையில் ஒரு மாறுதல் தோன்றியதாகவும், தளர்ந்துபோன எதிராளியை விடாமல் தொடர்ந்து தாக்கி முடிக்கும் பழைய உக்கிரம் மறைந்துவிட்டதாகவும் பல எழுத்தாளர்கள் கருதுகின்றனர். இந்த அபிப்பிராயத்தை முழுவதும் ஏற்பதற்கில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் எல்மர் ரே என்னும் வன்மை மிக்க ஹெவிவெயிட் வீரரை ஒன்பதாம் சுற்றில் அவர் நாக் அவுட் செய்திருக்கிறார். ஆறாண்டுகளுக்குப் பின் பாப் சாட்டர்ஃபீல்டை இரண்டாம் சுற்றிலேயே சாய்த்திருக்கிறார். ஆகவே கையின் வலிமை குன்றவில்லை. ஆனால், வெற்றி உறுதியான பின்னும் ஒரு மனிதனை அடிக்க வேண்டுமா என்னும் கேள்வி அவர் மனத்தை அரித்திருக்குமானால், அதைக் குறையாகச் சொல்ல எவருக்கும் நியாயமில்லை.

1949 மார்ச் மாதத்தில் ஜோ லூயிஸ் பட்டத்தைத் துறந்து ஓய்வு பெற்றார். காலியான சிம்மாசனத்தில் யாரை அமர்த்துவது என்ற பிரச்சினை எழுந்தபோது, தேசியக் குத்துச்சண்டைச் சங்கம் சார்லஸையும் ஜெர்ஸி ஜோ வால்காட்டையும் போட்டிக்குரியவர்களாக ஏற்றது. அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் நடந்த பதினைந்து சுற்றுச் சண்டையில் சார்லஸ் வென்றார். நியூயார்க் மாகாணத்து அதிகாரிகளோ, பிரிட்டிஷ் குத்துச்சண்டை ஸ்தாபனமோ அவரை உலக சாம்பியனாக அங்கீகரிக்கவில்லை. ஜனங்களுக்கும் லூயிஸின் இடத்தில் இன்னொருவரைக் காண மனம் ஒப்பவில்லை. லூயிஸ் ஒரே அடியில் எதிராளியைத் தரையில் கிடத்துவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, இடக்கை ஜாபினால் தூரத்தை அளந்து, ஒரு கோணத்தில் நுழைந்து இரண்டு மூன்று குத்துக்களை இறக்கி, வேறொரு கோணத்தில் வெளியேறும் சார்லஸின் நுட்பம் சாரமற்றதாகத் தோன்றியது போலும்.

அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய வருமான வரி பெருந்தொகையாக ஏறிவிட்டமையால், லூயிஸ் ஓய்வைக் கைவிட்டு மீண்டும் களமிறங்க நேர்ந்தது. 1950 செப்டம்பர் 27-ஆம் நாள் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் இருவரும் சந்தித்தனர். முப்பத்தாறு வயது லூயிஸின் எடை 218 ராத்தல். சார்லஸோ அவரினும் முப்பது ராத்தலுக்கு மேல் குறைந்தவர். இளமைப் பருவத்திலிருந்து தாம் வழிபட்டு வந்த வீரரையே எதிர்த்து நிற்க வேண்டிய சங்கடமும் சார்லஸுக்கு இருந்தது. சண்டை தொடங்கிய சில சுற்றுகளிலேயே முடிவு புலப்படலாயிற்று. லூயிஸின் புகழ்பெற்ற இடக்கை நீண்டு வரும். அது வந்து சேரும் இடத்தில் சார்லஸ் இருக்கமாட்டார். பக்கவாட்டிலிருந்து வலக்கைக் குத்து ஒன்று லூயிஸின் முகத்தில் படியும். இடக்கண் வீங்கி மூட, முகமெல்லாம் இரத்தமாக லூயிஸ் தடுமாறினார். பதினைந்தாம் சுற்றுக்கு மணி அடித்தபோது, மூலையில் அமர்ந்திருந்த அம்மாவீரர் முக்காலியிலிருந்து எழுவதற்கே உதவியாளர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மூன்று நடுவர்களும் முறையே பத்து, பன்னிரண்டு, பதின்மூன்று சுற்றுகளைச் சார்லஸுக்கு அளித்தனர். உலகம் முழுவதும் அவரைச் சாம்பியனாக ஏற்றது. ஆனால் ரசிகர்கள் லூயிஸுக்காகக் கண்ணீர் விட்டார்களேயன்றி, வென்றவரைத் தோளில் தூக்கிக்கொள்ளவில்லை. எந்த வெற்றி அவருக்கு நிறைவான புகழைத் தந்திருக்க வேண்டுமோ, அந்த வெற்றியே ஜனங்களின் மனத்தாங்கலுக்கும் காரணமாயிற்று.

சாம்பியனாக அவர் எட்டு முறை பட்டத்தைக் காத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு ஒருமுறை மேடையேறிக் காலம் கழிக்கும் சாம்பியன்களைப் போலன்றி, தகுதியுள்ளவர் யார் வந்தாலும் தயங்காமல் சந்தித்தவர் அவர். இதுவே அவருக்கு ஆபத்தாகவும் முடிந்தது. இருமுறை தாம் வென்ற வால்காட்டுக்கு மூன்றாம் சந்தர்ப்பம் கொடுத்து, 1951 ஜூலை 18-ஆம் நாள் பிட்ஸ்பர்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் மேடையேறினார். ஏழாம் சுற்றின் முதல் நிமிஷத்திலேயே, ஏதோ உலாவுகிறவர்போல் கைகளைத் தளரவிட்டபடி முன்னே வந்த வால்காட், குறுகிய தூரத்திலிருந்து இடக்கை ஹூக் ஒன்றைத் தாடையில் செலுத்தினார். சார்லஸ் முகங்குப்புற விழுந்தார், எழ முயன்றார், உடல் இணங்கவில்லை. முப்பத்தேழு வயதில், ஐந்தாம் முயற்சியில், வால்காட் உலக சாம்பியனானார். மறு ஆண்டு ஜூனில் பிலடெல்பியாவில் நடந்த மறுபோட்டியிலும் தீர்ப்பு வால்காட்டின் பக்கமே சென்றது.

1953-இல் மேலும் சில தோல்விகள் நேர்ந்தமையால், சார்லஸின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் தீர்மானித்திருந்தனர். ஆனால் கோலி வாலஸையும், முன்னே கூறிய சாட்டர்ஃபீல்டையும் நாக் அவுட் செய்து, மார்சியானோவின் பட்டத்துக்குப் போட்டியிடும் உரிமையை அவர் சம்பாதித்தார். 1954 ஜூன் 17-ஆம் நாள் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த அச்சண்டை, தோற்றவரின் புகழை உயர்த்தும் அபூர்வமான சண்டைகளுள் ஒன்று. முதல் நான்கைந்து சுற்றுகளில் சார்லஸின் கையே ஓங்கியிருந்தது. மார்சியானோவின் இடக்கண்ணுக்கு மேல் வெட்டுக்காயம் பட்டு இரத்தம் வழிந்தது. பின்னர், ஓயாது முன்னேறி வந்து, தோள், கை, விலா என்று அகப்பட்ட இடத்திலெல்லாம் இடிக்கும் மார்சியானோவின் பலம் மெல்ல மெல்ல மேலோங்கியது. ஆயினும் சார்லஸ் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. மார்சியானோவை எதிர்த்துப் பதினைந்து சுற்றுகளும் நின்றவர் அவர் ஒருவரே.

அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அதே இடத்தில் இருவரும் மறுபடியும் சந்தித்தார்கள். இரண்டாம் சுற்றில் சார்லஸ் வீழ்ந்து எழுந்தார். ஆறாம் சுற்றின்போது மார்சியானோவின் இடது நாசி இரண்டாகப் பிளந்துவிட்டது. மூலைக்குத் திரும்பியபோது உதவியாளர் என்ன மருந்து வைத்தும் இரத்தம் நிற்கவில்லை. இதே நிலையில் இன்னும் ஓரிரு சுற்றுகள் சென்றால் மத்தியஸ்தர் சண்டையை நிறுத்திச் சார்லஸுக்கு வெற்றியளிக்கக்கூடும் என்ற நிலைமை உருவாயிற்று. அதை உணர்ந்த மார்சியானோ எட்டாம் சுற்றில் முழு வேகத்தோடு பாய்ந்து, சார்லஸை இருமுறை வீழ்த்திச் சண்டையை முடித்தார். ஹெவிவெயிட் பட்டத்தை இழந்த பின் அதை மீண்டும் அடைந்தவர் அதுவரையில் எவரும் இல்லை. அந்தப் பெருமைக்குச் சார்லஸ் எத்தனை நெருங்கி வந்தார் என்பதை அந்த நாசிக் காயம் காட்டும்.

அதன் பின் நிகழ்ந்தவை துக்ககரமானவை. 1955 முதல், முன்னாளில் அவர் முன் நிற்கவும் தகுதியில்லாதவர்களிடம் அவர் தோற்கலானார். கால்கள் முன்போல் இணங்கவில்லை. 1959-இல் களத்தை விட்டு விலகினார். தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகளை அழித்து, அவயவங்களை ஒவ்வொன்றாகச் செயலற்றுப்போகச் செய்யும் கொடிய வியாதி ஒன்று அவரைப் பற்றியிருப்பதை 1960-களில் வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். லூ கெரிக் என்னும் பேஸ்பால் வீரரைப் பலிகொண்டமையால் அவர் பெயராலேயே அமெரிக்காவில் வழங்கப்படும் வியாதி அது. பிற்காலத் தோல்விகள் சிலவற்றுக்கு அதன் ஆரம்ப அறிகுறிகளே காரணமாகலாம் என்று கருதுவோரும் உண்டு. ஓய்வு நேரங்களில் டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை ஆசையோடு வாசித்து வந்த ஜாஸ் இசைப் பிரியர் அவர். அந்த விரல்களும் நாளடைவில் அசைவற்றுப்போயின.

சக்கர நாற்காலியில் முடங்கிய அவரை வறுமையும் சேர்ந்து வாட்டியபோது, 1968-இல் சிகாகோவில் அவருடைய வைத்தியச் செலவுக்காக நண்பர்கள் ஒரு விருந்து நடத்தி நிதி திரட்டினார்கள். முன்பு அவரை வீழ்த்திய மார்சியானோவும் அதற்கு வந்திருந்தார். 1975 மே 28-ஆம் நாள் சிகாகோவில், ஐம்பத்து மூன்றாம் வயதில் சார்லஸ் காலமானார். இல்லினாய்ஸ் மாகாணத்தின் பர் ஓக் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு சின்சினாட்டி நகரத்தார் தங்கள் பெரிய வீதிகளுள் ஒன்றுக்கு அவர் பெயரை இட்டனர். சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மன்றம் 1990-இல் முதன்முதலாகத் தெரிந்தெடுத்த வீரர்களுள் அவரும் ஒருவர். 2022-இல் சின்சினாட்டியின் லாரல் பார்க்கில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது.